போஸ்டர் போட்டே ஜனங்களை இழுத்த 'ஜெமினி' வாசன்!
ரூ.30 லட்சம் போட்ட படம் தப்பித்தது எப்படி?

சொத்தை அடகு வைத்து ஒரே படத்தில் பணத்தைக் கொட்டினார் ஒருவர். படம் படுத்திருந்தால் ஆள் அம்பேல்! அவரைக் காப்பாற்றியதில் போஸ்டருக்கும் பெரிய பங்கு உண்டு.

அவர்தான் ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன்.

தபால் வியாபாரம்

1904-ல் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மாவோடு சென்னைக்கு வந்தார். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தார். தபாலில் சாமான் விற்றார். எப்படிச் சொன்னால் ஜனங்கள் காசை எடுப்பார்கள் என்பது அங்கேயே அத்துப்படி ஆகிவிட்டது.

1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். பிறகு மவுண்ட்ரோட்டில் ஜெமினி ஸ்டூடியோ வந்தது.

முரசு நடனம்

'சந்திரலேகா' படப்பிடிப்பு வருஷக்கணக்கில் இழுத்தது. டைரக்டர் பாதியில் விலகினார். வாசனே டைரக்டர் ஆனார். செலவு ரூ.30 லட்சத்தைத் தொட்டது.

ரோட்டில் போகிறவன் நின்று கதை படிக்க மாட்டான். பஸ்சில் இருப்பவனுக்குக் கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் ஆளை மடக்க வேண்டும். சந்திரலேகாவில் அதற்கு முரசு நடனம் இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலான முரசுகள், மேலே ஆடும் பெண்கள். ஒரே படம், பார்த்தவுடன் பிரமாண்டம் புரிந்துவிடும்.

சுவரில் போஸ்டர், ரோட்டோரம் விளம்பரப் பலகை, பத்திரிகையில் முழுப்பக்கம், கையில் புத்தகம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சந்திரலேகாதான்! விளம்பரத்துக்கே லட்சக்கணக்கில் செலவானது.

வடக்கே படையெடுப்பு

9-4-1948-ல் தமிழில் படம் வந்தது. கூட்டம் வந்தது. ஆனால் போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை. வாசன் அசரவில்லை. அதே வருஷம் டிசம்பர் 24-ல் இந்தியில் இறக்கினார்.

வடக்கே டி.ஆர்.ராஜகுமாரியையும் எம்.கே.ராதாவையும் யாருக்குத் தெரியும்? நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டி மட்டும் டிக்கெட் விற்க முடியாது. ஆனால் முரசுக்கு பாஷை தேவையில்லையே! அங்கேயும் விளம்பரம் தூள் பறந்தது. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. போட்ட பணம் வந்து சேர்ந்தது. மதராஸ் படத்துக்கு இந்தியா முழுக்க மார்க்கெட் உண்டு என்பதை வாசன் காட்டிவிட்டார்.

1969 ஆகஸ்டு 26-ல் வாசன் காலமானார். ஸ்டூடியோவும் போய்விட்டது. 2009-ல் அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டவே மாநகராட்சி தடை போட்டது.

ஆனாலும் அங்கே உள்ள அண்ணா மேம்பாலத்தை ஜனங்கள் இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றுதான் சொல்கிறார்கள். போஸ்டர் கிழிந்தாலும் பேர் கிழியவில்லை!