ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்: விடுமுறையில் போட்ட கணக்கு

வானொலி அறிவிப்பாளர் அலைவரிசையைச் சொல்லும்போது வரும் 'மெகா ஹெர்ட்ஸ்' நம் காதுக்குப் பழகிப்போன சொல். அது ஒரு மனிதரின் பெயர். மின்காந்த அலைகளைச் சோதனையில் நிரூபித்த ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயர். ஆனால், அந்தப் புகழ் வருவதற்கு முன்பே, 23 வயதில், அவர் போட்ட வேறொரு கணக்கு இன்றும் லோரிச் சக்கரத்தின் பேரிங்கிலும் ரயில் தண்டவாளத்திலும் உழைத்துக் கொண்டிருக்கிறது.

1857 பிப்ரவரி 22ஆம் தேதி ஹம்பர்க் நகரில் பிறந்தார் ஹெர்ட்ஸ். தந்தை வழக்கறிஞர். பள்ளிப் பருவத்திலேயே ஹெர்ட்ஸ் அரபு மொழி கற்றார். தச்சு வேலையிலும் லேத் வேலையிலும் கைத்திறன் பெற்றார். பொறியியல் படிக்கத் தொடங்கியவர், பிறகு இயற்பியலுக்கு மாறினார். 1880இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்று, பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளரானார்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கண்ணாடி வில்லைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒளி வளையங்கள் தெரியும். வில்லைகளை அழுத்தினால், தொடும் இடத்தில் கண்ணாடி சற்றே தட்டையாகும். எவ்வளவு தட்டையாகும்?

கேட்க எளிது, விடை காண்பது கடினம். தொடும் பரப்பு தெரிந்தால்தான் அழுத்தத்தைக் கணக்கிட முடியும். அழுத்தம் தெரிந்தால்தான் தொடும் பரப்பு தெரியும். இந்தச் சிக்கலை விடுமுறை முடிவதற்குள் அவிழ்த்தார் ஹெர்ட்ஸ். 1881 ஜனவரியில் பெர்லின் இயற்பியல் கழகத்தில் அதை வாசித்தார். இரண்டு உருண்டைகளை 8 மடங்கு விசையில் அழுத்தினாலும், அவை தொடும் வட்டத்தின் அகலம் 2 மடங்குதான் ஆகும் என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று. தொழில்துறையினரும் ஆர்வம் காட்டவே, அவர்களுக்காக 1882இல் இன்னொரு கட்டுரை எழுதினார்.

ஒரு ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவே. பல டன் பாரம் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. அங்கே எஃகு தாங்குமா என்று அறிய ஹெர்ட்ஸின் கணக்கு உதவுகிறது.

ஆனால், வழவழப்பான வளைந்த பரப்புகளுக்கே அவருடைய சூத்திரம் பொருந்தும். கரடுமுரடான உறுப்புகளுக்கு இன்று கணினியே துணை. பொருளைச் சின்னஞ்சிறு துண்டுகளாகப் பிரித்து, எங்கெங்கே தொடும் என்று கணினி முதலில் ஊகிக்கும். பிறகு இரண்டு விதிகளைச் சரிபார்க்கும். ஒரு பொருள் மற்றதற்குள் புகக்கூடாது; தொடும் இடத்தில் தள்ளலாம், இழுக்கக்கூடாது. தவறிய இடங்களைத் திருத்தி, விடை நிலைக்கும்வரை மீண்டும் மீண்டும் கணக்கிடும். இத்தகைய புதிய நிரல் ஒன்றை எழுதுகிறவர்கள், அது சரியா என்று பார்க்க ஹெர்ட்ஸின் விடையோடு ஒப்பிடுவது வழக்கம்.

1885இல் கார்ல்ஸ்ருவே நகரில் பேராசிரியரானார் ஹெர்ட்ஸ். அடுத்த ஆண்டு எலிசபெத் டோலை மணந்தார். அங்கேதான் 1886 முதல் 1888 வரை மின்பொறிகளைக் கொண்டு மின்காந்த அலைகளை நிரூபித்தார். 1889இல் பான் பல்கலைக்கழகத்திற்கு மாறினார்.

1892இல் கடும் தலைவலியுடன் நோய் தொடங்கியது. அறுவை சிகிச்சைகளும் காப்பாற்றவில்லை. 1894 ஜனவரி 1ஆம் தேதி, 36 வயதில், மனைவியையும் இரண்டு சிறு மகள்களையும் விட்டுக் காலமானார். மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைச் செய்து காட்டியபோது அவர் உயிரோடு இல்லை.

ஹெர்ட்ஸின் தந்தை யூத வழியில் வந்தவர். அதனால் நாஜி ஆட்சியில் ஹம்பர்க் நகர மண்டபத்திலிருந்து ஹெர்ட்ஸின் படம் அகற்றப்பட்டது. 1930களில் மனைவியும் மகள்களும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து சென்றனர்.

1960இல் அதிர்வெண்ணின் பன்னாட்டு அலகாக அவர் பெயர் ஏற்கப்பட்டது. விடுமுறையில் போட்ட அந்தக் கணக்கையும் பொறியாளர்கள் இன்றுவரை 'ஹெர்ட்ஸ் தொடுகை' என்றே அழைக்கிறார்கள்.