கிணறில்லாத எண்ணெய் வேந்தர்



எண்ணெய் எடுப்பவன் ஒருவன், எரிப்பவன் ஒருவன். இருவருக்கும் நடுவே நிற்பவன் யார்? அவனைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படி நடுவே நின்று உலகை வளைத்த ஒருவரின் கதை இது.

இலண்டனின் கிழக்கே, ஏழை உழைப்பாளிகள் நெருங்கி வாழ்ந்த வைட்சாப்பல் பகுதியில், 1853 நவம்பர் 5-ஆம் நாள் பிறந்தவர் மார்க்கஸ் சாமுவேல். யூதக் குடும்பம். தந்தையின் தொழில், கடற்சிப்பி பதித்த பெட்டிகள் விற்பது. மகனோ கீழை நாடுகளோடு சரக்கு வாணிபம் செய்தார். அவரிடம் எண்ணெய்க் கிணறு உண்டா? இல்லை. சுத்திகரிப்பு ஆலை உண்டா? அதுவும் இல்லை!

அந்நாளில் ஆசியாவின் விளக்குகளுக்குச் சீமெண்ணெய் அனுப்பிய பேரரசன் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி. போட்டியாளன் ஓர் ஊரில் தலைகாட்டினால், அங்கே விலையைத் தரைமட்டமாக்கும். நட்டத்தை வேறு ஊரில் விலை ஏற்றி ஈடுகட்டும். ருஷ்யாவின் பாக்குவிலோ எண்ணெய் பொங்கியது. பத்தூம் துறைமுகம் வரை இரயிலில் வந்தது. அதை விற்கச் சந்தை தேடித் தவித்தனர் ராத்சைல்டு குடும்பத்தார்.

இந்த இரண்டையும் இணைத்தார் சாமுவேல். 1891-இல் ராத்சைல்டு கம்பெனியோடு ஒன்பது ஆண்டு ஒப்பந்தம். தகர டப்பாவில் அடைத்து, மரப்பெட்டியில் வைத்து ஏற்றினால் செலவு. கப்பலையே தொட்டியாக்கினால் மிச்சம்! சூயஸ் கால்வாய்க்காரர்கள் அச்சமின்றி அனுமதிக்கும்படி புதுக் கப்பல் கட்டுவித்தார். 1892 ஆகஸ்டில் அவருடைய ‘மியூரெக்ஸ்’ கால்வாயைக் கடந்தது. கீழைத் துறைமுகங்கள் பலவற்றில் முன்கூட்டியே சேமிப்புத் தொட்டிகள் எழும்பின. எல்லா ஊரிலும் ஒரே வேளையில் விற்றால், எந்த ஊரில் அவரை நசுக்குவது? திரும்பும் கப்பலும் வெறுமையாக வரவில்லை. தொட்டியை நீராவியால் கழுவி, அரிசியும் சர்க்கரையும் ஏற்றி வந்தது.

1897-இல் அவர் நிறுவிய கம்பெனிக்குச் ‘ஷெல்’ என்று பெயர். தந்தை விற்ற சிப்பியின் நினைவு!

ஆனால் கிணற்றுக்காரன் கையை மூடினால் கப்பல் என்னாவது? அந்த அச்சம் அவரை விடவில்லை. போர்னியோவில் கிணறு தோண்டினார். 1901-இல் டெக்ஸாசின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் வானளாவப் பீறிட்டது. கஃபி கம்பெனி எடுக்கும் கச்சா எண்ணெயில் பாதியை, பீப்பாய்க்கு 25 சென்ட் விலையில் 21 ஆண்டு வாங்க ஒப்பந்தம் செய்தார். ஓராண்டு கடந்தது. நெருக்கி நெருக்கித் தோண்டிய கிணறுகளின் அழுத்தம் தணிந்தது, ஊற்று வற்றியது, விலையோ ஏறியது. கஃபிக்குப் பணம் கொடுத்த ஆண்ட்ரூ மெல்லன் இலண்டனுக்கு வந்தார். சாமுவேல் வழக்கு மன்றம் ஏறவில்லை, ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்தார். எண்ணெய்க்கெனக் காத்திருந்த கப்பல்கள் மாடு ஏற்றும் கப்பல்களாயின!

1902-இல் இலண்டன் மாநகரத் தலைவர் பதவி வந்தது, வாணிபமோ சரிந்தது. டச்சுக்காரர் டெட்டர்டிங் கிணறும் கணக்கும் கைவசம் வைத்துக் காத்திருந்தார். 1907-இல் இரு கம்பெனிகளும் இணைந்தன. ராயல் டச்சுக்கு 60 பங்கு, ஷெல்லுக்கு 40. பெயர் நிலைத்தது, பிடி போயிற்று. 1927 ஜனவரியில், மனைவி மறைந்த ஒரு நாளுக்குள் சாமுவேலும் மறைந்தார்.

அவர் மறைந்தார், நடுவில் நிற்கும் தொழில் மறையவில்லை. இன்று வைட்டால், டிராஃபிகுரா போன்ற வாணிபக் கம்பெனிகள் அதைச் செய்கின்றன. எந்த ஆலைக்கு எந்தக் கச்சா எண்ணெய் ஒத்துவரும், எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எந்தத் தொட்டி காலி என்று அறிந்து, வங்கிக் கடனில் சரக்கு வாங்கி விற்கின்றன. பீப்பாய்க்குக் கிடைக்கும் இலாபம் சிறிது. பீப்பாய்களின் எண்ணிக்கையோ பெரிது.

தோழர்களே, பாலம் போடுபவனின் திறமையை மறுக்க வேண்டாம். ஆனால் பாலத்தில் சுங்கம் வாங்குபவன் யார், எவ்வளவு வாங்குகிறான் என்று கேட்கவும் மறக்க வேண்டாம். அந்தச் சுங்கமும் சேர்ந்ததுதான் நம் வீட்டு விளக்கின் விலை!