புத்தகத்தை ஒளித்து வாசித்த சிறுமி: அர்ச். அவிலா தெரேசம்மாள்



வீடு மந்திரிக்க வரும்போது பெற்றோர் என்னிடம் சொல்லும் முதற்குறை இப்போதெல்லாம் கடனைப் பற்றியதல்ல, வியாதியைப் பற்றியதுமல்ல. பிள்ளையின் கையிலிருக்கும் செல்போனைப் பற்றியது. தகப்பனாரின் வண்டிச் சத்தம் கேட்டதும் போன் தலையணைக்கு அடியில் போய்விடுகிறது. தாயார் கண்டும் காணாதவர்போல் அடுப்படிக்குப் போய்விடுகிறார். இதற்கு என்ன வழி என்று கேட்கிறீர்கள். ஏறக்குறைய 500 வருஷங்களுக்கு முன் இதே தொல்லை ஒரு நல்ல கத்தோலிக்க வீட்டில் இருந்தது. அந்த வீட்டுக்கு இன்று உங்களை அழைத்துப் போகிறேன்.

ஸ்பெயின் தேசத்தில், மதில் சூழ்ந்த அவிலா பட்டணத்தில், 1515-ம் வருஷம் மார்ச் 28-ந் தேதி தெரேசா பிறந்தாள். தகப்பனார் தொன் அலோன்சோ பக்தியுள்ளவர். பிள்ளைகள் வாசிப்பதற்காகவே நல்ல புத்தகங்களை வீட்டில் வாங்கி வைத்திருந்தவர். தாயார் பெயாத்ரிஸ் அவருடைய இரண்டாம் மனைவி. பெண்கள் மூவர், ஆண்கள் ஒன்பது பேர் என்று வீடு நிறையப் பிள்ளைகள். தெரேசாவும் அண்ணன் ரொத்ரிகோவும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்களைச் சேர்ந்து வாசிப்பார்கள். வேதசாட்சிகளைப் போல் சீக்கிரம் மோட்சம் சேரவேண்டும் என்று, ஏழு வயதுப் பருவத்தில் இருவரும் மூர்களின் நாட்டை நோக்கி வீட்டைவிட்டுக் கிளம்பியதும், உறவினர் ஒருவர் கண்டு திரும்பக் கொண்டுவந்து விட்டதும் நீங்கள் கேட்டிருக்கக்கூடும். குழந்தை எதை வாசிக்கிறதோ, எதைப் பார்க்கிறதோ, அதன் பின்னால் நடந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் அச்சு யந்திரம் தோன்றி அப்போது நூறு வருஷம்கூட ஆகவில்லை. அது வேதாகமத்தையும் அச்சடித்தது. வீரக் கதைகளையும் அச்சடித்தது. குதிரை வீரர்கள், மந்திரவாதிகள், மாளிகைச் சீமாட்டிகள், முடிவில்லாத காதல்கள், ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடங்கும் சாகசங்கள், இவைதாம் அக்கதைகள். 1508-ல் அச்சான அமாதீஸ் என்ற வீரனின் கதைக்குப் பிறகு இப்படிப்பட்ட புத்தகங்கள் தேசமெங்கும் பரவின. பெயாத்ரிஸ் அம்மாளுக்கு அவற்றின்மேல் ஆசை. கெட்ட பெண்மணி என்று அவரை எண்ணிவிடாதீர்கள். சிறு வயதில் மணமாகி, பிள்ளைமேல் பிள்ளை பெற்று, ஓயாத வியாதியில் நலிந்தவர். தன் வருத்தத்தை மறக்க அந்தப் புத்தகத்தை எடுத்தார். பிள்ளைகள் வேறு வம்புக்குப் போகாமல் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று அவர்களுக்கும் கொடுத்தார். சோறூட்டும்போது குழந்தை கையில் போனைக் கொடுக்கும் தாய்மார்களே, பெயாத்ரிஸ் அம்மாளை உங்களுக்குத் தெரியுமல்லவா?

தொன் அலோன்சோவுக்கோ இந்தக் கதைகள் அறவே ஆகாது. ஆகையால் அவர் கண்ணில் படாமல் வாசிக்கவேண்டியதாயிற்று. தாய் இடங்கொடுத்தார்; தகப்பன் தடுத்தார்; பிள்ளை ஒளிக்கக் கற்றுக்கொண்டாள். இரவும் பகலும் பல மணி நேரம் தகப்பனாருக்குத் தெரியாமல் வாசித்தாள். புதுப் புத்தகம் கையில் இல்லாவிட்டால் அவளுக்குச் சந்தோஷமே இல்லை. தாயார் வாசித்தாலும் வீட்டுக் கடமையை விடவில்லை, மகள் விட்டாள். பெரியவர்களுக்குப் பொழுதுபோக்காக இருப்பது சிறுவர்களுக்கும் அவ்வளவோடு நின்றுவிடும் என்று எண்ணக்கூடாது.

தெரேசாவுக்கு ஏறக்குறைய 13 வயதானபோது தாயார் இறந்துபோனார். தாயாருக்கு வயது 33 தான். சிறுமி தேவமாதாவின் சுரூபத்தின்முன் அழுது, இனி நீரே எனக்குத் தாயாக இரும் என்று வேண்டிக்கொண்டாள். ஆனால் கதைகளில் வாசித்த உலகம் ஏற்கெனவே அவளுக்குள் வீடு கட்டியிருந்தது. கூந்தல், கைகள், வாசனைத் தைலம், உடை இவற்றில் கவனம் போயிற்று. சித்தப்பா, பெரியப்பா வீட்டுப் பையன்கள் வந்துபோனார்கள். அவர்களோடு, லேசான நடத்தையுள்ள உறவுப் பெண் ஒருத்தியும் வந்தாள். அவளை அண்டவிடாமல் தடுக்கத் தாயார் உயிரோடிருந்தபோதே பாடுபட்டிருந்தார். உறவுக்காரியை வாசலிலே எப்படி நிறுத்துவது? தகப்பனாரும் மூத்த சகோதரியும் தெரேசாவைக் கண்டித்தார்கள். பலன் இல்லை. வேலைக்காரிகள் வேறு உடந்தையாக இருந்தார்கள்.

பெற்றோரே, ஒன்று கவனியுங்கள். அந்த வீட்டில் புத்தகம் வேறு, வாசல்வழி வந்த தோழி வேறு. கெட்ட தோழமையை வாசலில் கண்ணாலாவது பார்க்க முடிந்தது. நம் பிள்ளைகளின் கையிலுள்ள கருவியில் கதையும் தோழமையும் ஒன்றாகவே இருக்கின்றன. முகம் தெரியாதவன் நடுவீட்டைத் தாண்டி, படுக்கைவரை வந்து, உங்கள் மகளோடு பேசிவிட்டுப் போகலாம். ஒரு கதவும் சத்தமிடாது.

தொன் அலோன்சோ என்ன செய்தார்? அடிக்கவில்லை, ஊரறியத் திட்டவில்லை. 1531-ல் மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்தது. தாயில்லாத வீட்டில் பெண்பிள்ளை தனியே இருப்பது நல்லதல்ல என்று சொல்லி, 16 வயதான தெரேசாவை அவிலாவிலேயே இருந்த அகுஸ்தீன் சபைக் கன்னியர் மடத்தில் மற்றப் பெண்களோடு தங்கிப் படிக்க விட்டார். உள்காரணம் வீட்டாரில் ஓரிருவருக்குத்தான் தெரியும். மகளின் பெயரை அவர் காப்பாற்றினார். போன் விஷயமாகப் பிள்ளையை உறவினர் முன்னிலையில் அவமானப்படுத்துகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

முதல் எட்டு நாள் தெரேசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து செய்தியனுப்பிக் கலைக்கப் பார்த்தார்கள். வழி கிடைக்காமல் அதுவும் ஓய்ந்தது. எட்டு நாளுக்குப்பின் தகப்பன் வீட்டைவிட அங்கே சந்தோஷமாக இருந்தாள். காரணம் மதில் அல்ல, ஒரு மனுஷி. மரிய பிரிசேஞோ என்ற கன்னியாஸ்திரீ அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டார். அவர் அவர்களோடு தங்கினார், பேசினார். சுவிசேஷத்தில் வாசித்த ஒரே வாக்கியம் தன்னை மடத்துக்குக் கொண்டுவந்த கதையைச் சொன்னார். கதைக்காக ஏங்கிய பெண்ணுக்கு அதைவிட நல்ல கதை, உயிருள்ள வாயிலிருந்து கிடைத்தது.

ஒன்றரை வருஷத்துக்குப்பின் வியாதியால் தெரேசா வீடு திரும்பினாள். சகோதரி வீட்டுக்குப் போகும் வழியில், தகப்பனாரின் சகோதரர் பேத்ரோவின் வீட்டில் சில நாள் தங்கினாள். அந்த நல்ல மனிதர் பிரசங்கம் ஏதும் செய்யவில்லை. தனக்கு ஒரு ஞானப் புத்தகத்தை வாசித்துக் காட்டும்படி கேட்டார். அவளுக்கு அதில் ருசியில்லை. பெரியவர் மனம் நோகக்கூடாதென்று வாசித்தாள். வாசிக்க வாசிக்க உள்ளம் திரும்பிற்று. 1535-ல் கார்மேல் மடத்தில் சேர்ந்தாள். பின்னர் செபத்தைப் பற்றி ஓசுனா என்ற பிரான்சிஸ்கு சபைத் துறவி எழுதிய புத்தகத்தையும் அவளுக்குக் கொடுத்தவர் அதே பெரியவர்தான்.

அதன்பின் நடந்தது உலகம் அறிந்தது. பல வருஷகாலம் கையில் புத்தகமில்லாமல் தியானத்துக்குப் போகத் துணியாத அந்தப் பெண், தாமே புத்தகங்கள் எழுதினார். 1562-ல் அவிலாவில் அர்ச். சூசையப்பர் மடத்தைத் தொடங்கிக் கார்மேல் சபையைச் சீர்திருத்தினார். 1582 அக்டோபர் 4-ந் தேதி இரவு மரித்தார். அந்த வருஷம் பஞ்சாங்கம் திருத்தப்பட்டதால் மறுநாள் 15-ந் தேதி ஆயிற்று. அந்த நாளிலேதான் அவர் திருநாள். 1622-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். 1970-ல் பாப்பு ஆறாம் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் வேதபாரகர் என்று அறிவித்தார். வாசிக்கும் ஆசையை ஆண்டவர் பிடுங்கி எறியவில்லை, திசையைத்தான் திருப்பினார்.

இனி உங்கள் வீடு. தாயும் தகப்பனும் முதலில் ஒரே வார்த்தை பேசுங்கள். ஒருவர் கொடுத்து ஒருவர் பிடுங்கினால் பிள்ளை கற்பது ஒளிப்பதைத்தான். இரவில் எல்லாருடைய போனும் நடுவீட்டில் ஓரிடத்தில் இருக்கட்டும், பெற்றோருடையதும் கூட. நானும் இதை முயல்கிறேன்; சில இரவு தவறுகிறேன், மறுநாள் மீண்டும் தொடங்குகிறேன். பிள்ளை பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். எது நல்லது, ஏன் நல்லதல்ல என்று பேசுங்கள். எடுத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். ஜெபமாலைக்குப்பின் ஒரு பக்கம் உங்களுக்கு வாசித்துக் காட்டும்படி மகனைக் கேளுங்கள். உங்கள் சொந்த வாழ்வில் ஆண்டவர் செய்ததை மகளுக்குச் சொல்லுங்கள்.

தலையணைக்கடியில் ஒளிந்திருப்பது வெறும் போன் அல்ல, அன்பானவர்களே. நம்மிடம் சொல்லத் துணியாத ஒரு பிள்ளையின் மனம். அதைப் பறிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்துதான் பெறமுடியும். அர்ச். தெரேசம்மாள் நம் வீடுகளுக்காக வேண்டிக்கொள்வாராக.

உங்கள் பங்குச் சுவாமி