உயிர் உள்ள வரை தாளம்!

அமெரிக்காவில் உள்ள டெட்ராயிட் நகரில் 1974-ல் பிறந்தார், ஜேம்ஸ் யான்சி. "ஜே டில்லா" என்ற பெயரில் "ஹிப் ஹாப்" பாட்டுகளுக்கு இசை அமைத்தார்.

இயந்திரத் தாளம் கடிகாரம் போல் விழும். அவரோ பொத்தான்களை விரலால் தட்டி, தாளத்தைச் சற்றே முன்பின்னாக விழச் செய்தார். இசைக்கு உயிர் வந்தது!

பெரிய கம்பெனி ஒன்று அவருடைய பாட்டுகளைக் கிடப்பில் போட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 2003-ல் தாமே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்.

அவரை ரத்த நோய் தாக்கியது. தாயார் உடனிருந்து கவனித்தார். நடக்க முடியாத நிலையிலும், 2005-ல் சக்கர நாற்காலியில் ஐரோப்பா சென்று மேடை ஏறினார்.

2006 பிப்ரவரி 7-ந் தேதி, 32-வது பிறந்த நாளன்று, அவருடைய "டோனட்ஸ்" இசைத்தட்டு வெளிவந்தது. அடுத்த மூன்று நாளில் உயிர் பிரிந்தது.

மகன் தட்டிய இயந்திரத்தைத் தாயார் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.