திருமலை நாயக்கரின் நாடு காவல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் அரண்மனையைக் காண்போர் அவரைக் கலை வளர்த்த மன்னரென்றே கருதுவர். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட அவர் நாட்டைக் காத்த முறையும் ஆராயத்தக்கதாம். விஜயநகரத்துக்கு அடங்காமை அவர் கொள்கை. அதற்கு வகுத்த உபாயமோ விபரீதமாயிற்று. பேரரசர் மூன்றாம் ஸ்ரீரங்கர் தம்மை அடக்க முனைந்தபோது, கோல்கொண்டா சுல்தானை அவர்மேல் ஏவினார். வடக்கே அரணாயிருந்த வேலூர் வீழ்ந்தது. பின்னர்த் துணைக்கழைத்த பீஜப்பூர்ப் படையும் கோல்கொண்டாவுடன் இணங்கிற்று, செஞ்சியும் போயிற்று. பேரரசருக்கு மறுத்த கப்பத்தை அந்நியருக்கு இறுக்க நேர்ந்தது.

போர்முறையோ, முன்னோராகிய விசுவநாதர் காலத்துப் பாளைய ஏற்பாடு. பாளையக்காரர் நிலவருவாயில் ஒரு பங்கைக் கப்பமாகச் செலுத்தி, ஒரு பங்கால் படை வைத்து, அழைத்தபோது வருதல் வேண்டும். இராஜபாளையம் என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் வழங்குகின்றது. இம்முறைக்குச் செலவு குறைவு. ஆயின் படை அரசனுடையதன்று.

1656-ல் மைசூர்ப் படையினர் அகப்பட்டோர் மூக்கையெல்லாம் அரிந்துகொண்டு மதுரையை நெருங்கினர். நாயக்கர் நோயுற்றுக் கிடந்தார். முன்பு அவரே படையெடுத்து அடக்கிய சேதுநாட்டிலிருந்து இரகுநாத சேதுபதி மறவர் சேனையுடன் விரைந்து வந்து பகைவரைத் துரத்தினார். நன்றி மறவாத நாயக்கர் சேதுபதியின் கப்பத்தை அறவே நீக்கினார். அது பெருந்தன்மையே, எனினும் அரசின் மிக வலிய படைத்தலைவர் அன்றுமுதல் அதற்கு ஒன்றும் செலுத்த வேண்டாதவராயினர். மூன்றாண்டில் நாயக்கரும் மறைந்தார்.