முகம் தந்த மருத்துவர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அந்த முகமே சிதைந்துவிட்டால் மனிதனின் அகத்தை எங்கே சென்று காண்பது? இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது. லாரியில் கிளீனராகச் சென்ற என் அண்ணன் மூன்று ஆண்டுகளுக்கு முன் விபத்தில் சிக்கினார். தாடை எலும்பும் கன்னத்து எலும்பும் உடைந்தன. கட்டுப் போட்டால் தானே கூடிவிடும் என்று நம்பி நாங்கள் காலம் கடத்திவிட்டோம். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் பொருந்தவில்லை. அன்று முதல் அவர் கண்ணாடி பார்ப்பதில்லை. அவருடைய உழைப்பில்தான், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக, நான் கல்லூரி வாசலை மிதித்தேன்.

சென்ற ஆண்டு அரசு மருத்துவமனையில் காட்டினோம். கோணிய எலும்பை மீண்டும் வெட்டிச் சீராக்கலாம். ஆனால் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றார் மருத்துவர். வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு நடந்ததால் அண்ணனோ ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று துடித்தார். எது சரி என்று அறிய நம் கல்லூரி நூலகத்துள் புகுந்தேன். அங்கேதான் ஹரால்ட் கில்லிஸ் என்னும் மேதையின் வரலாறு எனக்குக் கிடைத்தது.

கில்லிஸ் 1882ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தார். உடன்பிறந்தோருள் கடைக்குட்டி. இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்றார். படகோட்டுவதில் வல்லவர், 1904இல் ஆக்ஸ்போர்டை எதிர்த்து நடந்த புகழ்பெற்ற படகுப் போட்டியில் கேம்பிரிட்ஜ் அணியில் துடுப்புப் பிடித்தார். பின்னர் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மருத்துவம் கற்றுக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரானார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பதுங்கு குழியில் நின்று போரிட்ட வீரன் தலையைச் சற்று உயர்த்தினாலும் குண்டு முகத்தில் பாய்ந்தது. 1915இல் பிரான்சு சென்ற கில்லிஸ், வாலடியே என்ற பல் மருத்துவர் உடைந்த தாடைகளைச் சீராக்குவதைக் கண்டார். பாரிஸில் மொரெஸ்டின் என்ற அறுவை மருத்துவரின் கைத்திறனையும் கண்டார். தம் வாழ்வின் பணி இதுவே என்று உணர்ந்தார். 1916இல் ஆல்டர்ஷாட் இராணுவ மருத்துவமனையில் முகக் காயங்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அவ்வாண்டு ஜூலையில் சோம் போர் தொடங்கியபோது 200 பேர் வரக்கூடும் என எதிர்பார்த்தார். வந்தவர்களோ 2000 பேர்! 1917இல் சிட்கப் என்னுமிடத்தில் இதற்கெனவே ஒரு மருத்துவமனை எழுந்தது. அங்கே 5000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அங்கே வார்டுகளில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இடமில்லை என்று படித்தபோது, என் அண்ணனை எண்ணிக் கண் கலங்கினேன்.

அதுவரை மருத்துவர்கள் காயத்தின் விளிம்புகளை இழுத்துத் தைத்துவிடுவார்கள். தழும்பு சுருங்கும்போது வாயும் கண்ணும் கோணும். கில்லிஸ் அந்தத் தையலைப் பிரித்தார். எஞ்சிய சதையை முதலில் அதனதன் இடத்தில் வைத்தார். பிறகு உள்தோல், அடுத்து எலும்பு, கடைசியில்தான் மேல்தோல். எலும்பு குறைந்த இடத்தில் உடலின் வேறு பகுதியிலிருந்து எடுத்து வைத்தார். பல் மருத்துவர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ஏனெனில் தாடை சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்குப் பல்வரிசையே அளவுகோல். ஓவியர் ஹென்றி டாங்ஸ் நோயாளிகளின் முகங்களை வரைந்து தந்தார்.

நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் முறை நம் நாட்டில் வழங்கியது. அது 1794இல் லண்டன் இதழொன்றின் வழியே இங்கிலாந்துக்குத் தெரிய வந்தது. அம்முறையைக் கில்லிஸும் கையாண்டார். 1917இல் மூக்கை இழந்த ஸ்ப்ரெக்லி என்ற வீரருக்கு விலா எலும்போடு ஒட்டிய குருத்தெலும்பைக் கொண்டு மூக்கு செய்தார். முதலில் அது வீங்கிப் பெருத்து, பார்த்தவர் சிரிக்கும்படி இருந்தது. கில்லிஸ் பொறுத்திருந்தார். வீக்கம் வடிந்து, சிறுசிறு அறுவைகளும் முடிந்து, 1920இல் ஸ்ப்ரெக்லி நல்ல மூக்கோடு வீடு திரும்பினார்.

எல்லாம் வெற்றியல்ல. லம்லி என்ற இளம் விமானி முகம் முழுவதும் எரிந்து வந்தார். மார்பிலிருந்து பெரிய தோற்பரப்பை எடுத்து முகம் முழுவதற்கும் ஒருசேரப் பொருத்த முயன்றார் கில்லிஸ். தோல் அழுகியது, 1918 மார்ச்சில் லம்லி இறந்தார். அவசரம் உயிரைக் குடிக்கும் என்ற பாடத்தைக் கில்லிஸ் மறக்கவேயில்லை. நாளை செய்யக்கூடியதை இன்றே செய்யாதே என்பதைத் தம் மாணவர்களுக்கு விதியாகவே கற்பித்தார்.

1917 அக்டோபரில், ஜட்லாந்து கடற்போரில் எரிந்த விக்கரேஜ் என்ற மாலுமிக்கு அறுவை செய்தபோது, உயர்த்திய தோலின் ஓரங்கள் உட்புறமாகச் சுருள்வதைக் கண்டார். உடனே அவற்றைக் குழல்போல் தைத்தார். குழலுக்குள் இரத்த ஓட்டம் காக்கப்பட்டது. கிருமி புகுவதும் குறைந்தது. பென்சிலின் இல்லாத காலத்தில் இது எத்தகைய வரம்! ஒடெசாவில் ஃபிலடோவ் என்ற மருத்துவரும் தனியாக இதே முறையைக் கண்டிருந்தார்.

1920இல் முக அறுவை பற்றிய நூலை வெளியிட்டார். 1930இல் சர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரிலும் தொண்டாற்றினார். பிறவியிலேயே முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கியிருந்த ஒருவரின் முக எலும்புகளை வெட்டி முன்னே நகர்த்தி, 1950இல் அதை எழுதி வெளியிட்டார். பின்னாளில் பாரிஸ் மருத்துவர் டெஸ்ஸியே அவ்வழியை விரிவாக்கி, முக எலும்பு அறுவையைத் தனித் துறையாக வளர்த்தார். கில்லிஸ் 1960 செப்டம்பர் 10 அன்று மறைந்தார்.

இவ்வரலாற்றை ஒரு ஞாயிறு மாலை அண்ணனுக்குக் கதையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. மறுநாள் இருவரும் மருத்துவரிடம் சென்றோம். முதலில் பல்வரிசையைச் சீராக்க வேண்டும்; அறுவைக்குப் பின் வீக்கம் முழுதும் வடியப் பல மாதங்கள் ஆகும்; கீழுதடு மரத்துப்போகலாம், சிலருக்கு அது நிலைத்தும் விடலாம்; பீடியை அடியோடு விட வேண்டும்; பழைய புகைப்படத்தில் உள்ள முகமே திரும்ப வரும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது; மெல்லவும் பேசவும் முடிவதே முதல் நோக்கம், அழகு அதற்குப் பின் என்று அவர் பொறுமையாக விளக்கினார். நண்பர்களே, இப்படிப்பட்ட அறுவைக்குச் செல்வோர் யாராயினும் இவற்றைக் கேட்டுத் தெளிந்த பிறகே ஒப்புதல் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அண்ணன் பீடியை விட்டுவிட்டார். பெண் பார்க்கும் பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். சென்ற வாரம் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு வந்தவர், அது எப்படி இருக்கிறது என்று பார்க்க என்னிடம் கண்ணாடி கேட்டார்.