வெள்ளுடை வேந்தரின் ஓரணாச் சிற்றுண்டி

மணிமேகலை ஏந்திய அமுதசுரபியைப் போற்றாத தமிழ்ப் புலவர் இலர். ஆதிரை இட்ட முதற் பிச்சை தொடங்கிச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமானது வரை அக்கதையின் ஒவ்வொரு கூறும் பாவலர் நாவில் நின்றுவிட்டது. சென்னை மாநகராட்சி மன்றத்தில், வரவு செலவுக் கணக்குகளுக்கிடையே நிரம்பிய மற்றோர் உணவுக் கலத்தைப் பாடியோர் மிகச் சிலரே. அக்கலத்தை முதலில் ஏந்தியவர் சர் பிட்டி தியாகராயர்.

1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் மரபில் அப்பெருமகனார் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். வண்ணாரப்பேட்டையில் நெசவுக்கூடம் நடத்தினார். செல்வர்; ஆயினும் உடையில் வெண்மையன்றி வேறு பகட்டு அறியாதவர். வெள்ளுடை வேந்தர் என்னும் பெயர் அவருக்கு அவ்வாறே வாய்த்தது. 1882இல் நகராட்சி மன்றத்துள் புகுந்தவர் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் அங்கேயே தொண்டாற்றினார்.

1916இல் டாக்டர் நாயருடனும் டாக்டர் நடேசனாருடனும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கம் கண்டதையும், 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது ஆளுநர் வெலிங்டன் அளிக்க முன்வந்த முதலமைச்சர் பதவியை ஏற்க மறுத்ததையும் வரலாறு எழுதுவோர் விரிவாகவே எழுதியுள்ளனர். சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியை ஏற்றார். தியாகராயர் மறுத்த நாற்காலியைப் பற்றி இத்தனை பேசுவோர், அவர் மறுக்காத நாற்காலியைப் பற்றிச் சற்றுக் குறைவாகவே பேசுகின்றனர். அது மாநகராட்சி மன்றத் தலைவர் நாற்காலி.

அதே 1920ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. கட்டாயக் கல்விக்கும் கல்வி வரிக்கும் அது வழி திறந்தது. ஆனால், சட்டம் பிள்ளையைப் பள்ளி வாயில்வரை அழைத்து வரலாம். காய்ந்த வயிற்றோடு அமர்ந்திருப்பவனுக்கு எழுத்து எவ்வாறு ஏறும்? ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பயின்றோர் ஏழைப் பிள்ளைகள். அவ்வறுமையால் பள்ளியின் மாணவர் தொகை அவ்வப்போது குறைந்து வந்தது. தலைவர் இதனை மன்றத்தின் முன் வைத்தார். 1920 செப்டம்பர் 16ஆம் நாள், அப்பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் இசைந்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகலாகாது என்பது வரம்பு. அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. மணிமேகலையின் கலத்துக்கு இத்தகைய வரம்பும் இல்லை, தணிக்கையும் இல்லை!

செல்வரான தியாகராயர் தம் பொருளைக் கொண்டே ஓர் அன்னசத்திரம் நிறுவியிருக்கலாம், ஊரார் வாழ்த்தியிருப்பர். அவரோ சோற்றைப் பள்ளியின் செலவாகவே எழுதுவித்தார். கரும்பலகைக்கும் ஆசிரியர் ஊதியத்துக்கும் உரிய இடம் பிள்ளையின் பசிக்கும் உண்டென்று ஒரு நகர மன்றம் ஒப்புக்கொண்டது. கொடையாக வந்திருந்தால் கைநீட்டிப் பெற வேண்டியதைப் பிள்ளை தன் பள்ளியில் தனக்குரியதாகவே உண்டது. இத்திட்டத்தின் நுட்பம் முழுவதும் இங்கேதான் உள்ளது. இதன் இடரும் இங்கிருந்தே முளைத்தது.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இச்சிற்றுண்டி விரிந்தது. ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்கு! ஓரணா செய்த வேலை அது.

ஆயின், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் ஆகாது என்று ஆங்கில அரசு தடுத்தது. உணவு கல்வியாகாது என்பதே அக்கணக்கின் முடிவு. 1925 ஏப்ரல் முதல் நாளன்று சிற்றுண்டி நின்றது. எழுபத்து மூன்றாம் பிறந்தநாளைக் கண்ட மறுநாள், அதே மாதம் 28ஆம் நாள், தியாகராயர் மறைந்தார்.

இரண்டாண்டுகள் கழித்துத் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை இருபத்தைந்து பள்ளிகளில், ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு.